அத்தியாயம் 5: அடுத்துப் பாடப்போகிறவருக்காக – டெல்டா ஊர்களின் பாட்டைப் பதிவுசெய்தல்

1958-இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் ‘மலையருவி’ என்ற நூலை வெளியிட்டது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிவைத்த நாடோடிப் பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த நூல் அது. அப்படிச் சிலர் எழுதி வைத்ததால்தான் பல பாட்டுகளின் சொற்களாவது நமக்கு மிஞ்சின. ஆனால் எந்த அடியை எவ்வளவு இழுத்தார்கள், கூட்டம் எந்த இடத்தில் வாங்கிப் பாடியது, மூச்சை எங்கே விட்டார்கள் என்பதை அச்சிட்ட தாளிலிருந்து எடுக்க முடியாது. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி அதையெல்லாம் பிடித்து வைக்கிறது. இந்த வசதி நம் கைக்கு வந்த அதே காலத்தில்தான், பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை பல ஊர்களில் முதுமையை எட்டியிருக்கிறது.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு விதியைச் சொல்கிறது. கேட்கப்போகிறவரை மட்டும் நினைத்துப் பதியாதீர்கள். இதே பாட்டை நாளைக்குப் பாடப்போகிறவரை நினைத்துப் பதியுங்கள். கேட்பவருக்கு இனிமையான 3 நிமிடம் போதும். பாடக் கற்பவருக்கு முழுப் பாட்டு வேண்டும், தெளிவான சொல் வேண்டும், எப்போது யாருக்காகப் பாடுவது என்ற விவரம் வேண்டும். கற்பவருக்குப் போதுமான பதிவு கேட்பவருக்கும் போதும். கேட்பவருக்காக மட்டும் செய்த பதிவு கற்பவருக்கு உதவாது.

1. எதை, எப்போது பதிவது

டெல்டாவில் பாட்டுக்கு நாள்காட்டி உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்ததும் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று நாற்றுப் பறியும் நடவும் நடக்கும். நடவுப் பாட்டும் குலவையும் அப்போது கேட்கும். ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக் கும்மி. தையில் அறுவடை, பொங்கல் கும்மி, கோலாட்டம். மாசியில் காமன் பண்டிகையும் லாவணியும். அதன்பின் ஆடி வரை ஊர் ஊராக மாரியம்மன் திருவிழா, கரகம், நையாண்டி மேளம், தப்பு. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மாதம் கிடையாது.

உங்கள் ஊரைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் யாருக்கு என்ன பாட்டுத் தெரியும் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு வரிசைப்படுத்துங்கள். வயது முதிர்ந்தவர் முதலில். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த பாட்டு அதற்கும் முதலில். கோயில் திருவிழா அடுத்த ஆண்டும் வரும். 80 வயது அப்பாயிக்குத் தெரிந்த நாற்றுப் பறிப் பாட்டு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நடவுப் பாட்டுக்கு அவசரம் கூடுதல். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவியதால் பெண்கள் வரிசையாக நின்று நடும் வயல்கள் குறைந்துவிட்டன. மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்களும் இப்போது டெல்டா வயல்களில் நடவு நடுகின்றன. அவர்கள் பாடினால் அதையும் அனுமதி கேட்டுப் பதியுங்கள். காவிரித் தண்ணீரில் நின்று பாடுகிற எந்தப் பாட்டும் இந்த நிலத்தின் வரலாறுதான்.

வேளையும் இடமும் பார்த்துக் கேளுங்கள். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பலருடைய உறுதியான நம்பிக்கை. விளக்கு வைக்கிற நேரத்திலும் வெள்ளிக்கிழமையிலும் கேட்கவே வேண்டாம். வீட்டை விட்டுத் தள்ளி, தோப்பிலோ களத்திலோ உட்கார்ந்து பாட முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். துக்க வீட்டுக்குள் கருவியோடு நுழையாதீர்கள். குடும்பத்தார் தாங்களாகவே அழைத்தால் மட்டும் போங்கள்; அப்போதும் ஒலி போதும், முகங்களைப் படம் பிடிக்க வேண்டாம்.

2. ஒப்புதலும் ஊதியமும்

முதல் சந்திப்புக்குக் கருவி இல்லாமல் போங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். வயதில் மூத்தவரை ஊர் எப்படி அழைக்கிறதோ அப்படி, ஆத்தா, அப்பாயி, அண்ணே என்று முறை வைத்தே அழையுங்கள். எந்தத் தெருவாக இருந்தாலும் “நீங்க” என்றே பேசுங்கள்.

தப்புக் கலைஞர்களைத் தேடிப் போகும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சாவுக்கும் சாமிக்கும் தப்பு அடிப்பது பல தலைமுறைகளாகச் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாயமாக இருந்தது. அந்த அவமானத்தை மறுத்துத் தப்பைக் கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதையே தங்கள் கலை என்று நிமிர்ந்து மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் அவர்கள் எடுத்த முடிவு. அடிக்க மாட்டேன் என்று சொல்கிறவரை வற்புறுத்தாதீர்கள். ஏன் மறுத்தார் என்பதைச் சொல்ல அவர் விரும்பினால் அந்தப் பேச்சையே பதியுங்கள். நீங்கள் நாற்காலியில், கலைஞர் தரையில் என்ற ஏற்பாட்டை எந்த ஊரிலும் ஏற்காதீர்கள்.

ஊதியத்தை முன்பே பேசி, பாடுவதற்கு முன்பே கொடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் உங்களுக்காக ஒரு நாளை விட்டால் அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கொடுப்பது கடமை. பதிவு நன்றாக வந்ததா என்பதற்கும் ஊதியத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

ஒப்புதலை நான்கு படியாகக் கேளுங்கள்:

- குடும்பமும் ஊரும் மட்டும் கேட்கலாம்.
- ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் கேட்கலாம்.
- வானொலியிலும் இணையத்திலும் எல்லாரும் கேட்கலாம்.
- காசு வரும் வேலைக்குப் பயன்படுத்தலாம். வரும் காசில் இன்ன பங்கு பாடியவருக்கு.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவதைவிட, நான்கையும் பேசி அவர் பதிலை அவர் குரலிலேயே பதிவது மேல். பாட்டு பரம்பரைப் பாட்டாக இருந்தாலும் பாடியவருக்கு உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டுக் காலத்துக்குத் தனி உரிமை தருகிறது. இதைப் பாடுகிறவரிடம் எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலை.

3. கருவி

விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருந்து ஒரு பருவத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்:

- கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்கள் ஏற்கும் குறைந்த அளவு இதுதான். ஸ்டீரியோவில் 1 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். எம்பி3-இல் பதியாதீர்கள், அது தூக்கி எறிந்த ஒலியை மீட்க வழியில்லை.
- செல்பேசிதான் இருக்கிறது என்றால், வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியை நிறுவி, விமானப் பயன்முறையில் வைத்துப் பதியுங்கள். இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பேச்சுக்காக அமைத்த அந்த வசதி தப்பின் ஓசையையே இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பி வாங்கிய பாட்டு மாதிரிக்கு ஆகும், மூலப்பதிவுக்கு ஆகாது.
- ஒலிவாங்கிக்கு ரோம உறை கட்டாயம். ஆடிக் காற்றில் வெறும் பஞ்சு உறை நிற்காது.
- காதை மூடும் ஹெட்போன், மாற்று பேட்டரி, மாற்று நினைவக அட்டை, சிறிய முக்காலி.

ஒலி அளவை, உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம்; உச்சம் தாண்டி வெடித்த ஒலியைத் திருத்த முடியாது.

4. ஒலிவாங்கியை எங்கே வைப்பது

*நடவு.* நடுகிற பெண்கள் குனிந்தபடி பின்னோக்கி நகர்வார்கள். குரல் தண்ணீரை நோக்கிப் போகும். வரப்பில் நின்று பதிந்தால் குலவை கேட்கும், சொல் கேட்காது. முன்பாட்டுப் பாடுகிறவரின் தோளருகே சேலையில் ஒரு சிறிய கிளிப் ஒலிவாங்கி, வரப்பில் ஒரு ஸ்டீரியோ கருவி என இரண்டும் வேண்டும். வேலை முடிந்து கரையேறியதும் அதே பாட்டை உட்கார்ந்து ஒருமுறை பாடச் சொல்லிப் பதியுங்கள். வயல் பதிவில் பாட்டின் வேகம் இருக்கும், கரைப் பதிவில் சொல் இருக்கும். கற்பவருக்கு இரண்டும் தேவை.

*லாவணி.* தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர் வழியாக வந்த கலை இங்கே தமிழ் வாதப்பாட்டாக வேர்விட்டது. சிவன் காமனை எரித்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் டேப், துந்தினா வாத்தியங்களோடு விடிய விடிய வாதாடும். இரண்டு கட்சிக்கும் நடுவே, பக்கவாட்டில் ஸ்டீரியோ கருவியை வையுங்கள். ஒரு கட்சி இடக் காதிலும் மறு கட்சி வலக் காதிலும் விழும்; பிறகு கேட்பவருக்கு யார் கேள்வி, யார் பதில் என்று குழப்பம் வராது. நல்ல கட்டங்களை மட்டும் பொறுக்கிப் பதியாதீர்கள். கேட்ட கேள்விக்கு எதிர்க்கட்சி அந்த நொடியில் பாட்டுக் கட்டும் திறமைதான் லாவணியின் உயிர். இடையில் நிறுத்தினால் அது அறுந்துவிடும். முழு இரவுக்கும் போதுமான அட்டையோடு போங்கள்.

*தப்பு.* தோலைத் தீயில் காய்ச்சுவதற்கு முன் ஒருமுறை, காய்ச்சிய பின் ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். தீ என்ன செய்கிறது என்பது ஒலியிலேயே தெரியும். குழுவாக அடிக்கும்போது 10 முதல் 12 அடி தள்ளி நில்லுங்கள். பிறகு ஒருவரை மட்டும் வைத்து, ஒவ்வோர் அடியையும் முதலில் மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில் வாங்குங்கள். அடிகுச்சியும் சிண்டுகுச்சியும் மாறி மாறி விழுவது தெரிய, கைகளை மட்டும் நெருக்கத்தில் படம் எடுங்கள். அடியின் பெயர், சாமிக்கா சாவுக்கா கல்யாணத்துக்கா என்ற விவரம், இரண்டையும் அவர் சொன்னபடியே குறியுங்கள்.

*நையாண்டி மேளம்.* நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் உரக்க ஒலிக்கும். நாதசுரத்தின் அணைசுக்கு நேர் எதிரே ஒலிவாங்கியைக் காட்டாதீர்கள், மற்றதெல்லாம் மூழ்கிவிடும். தவிலின் வலந்தலையும் தொப்பியும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும், ஆகையால் பக்கவாட்டில் நின்றால் ஒன்று அடங்கிப்போகும். குழுவுக்கு நேர் முன்னே 8 அடியில் நில்லுங்கள். நாதசுரம் திமிரியா பாரியா, சுருதி என்ன, எந்த ஊர்ச் சீவாளி என்று எழுதுங்கள். ஆச்சா மரத்தில் நாதசுரம் கடையும் நரசிங்கம்பேட்டைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிப்பவரைப் பதிவதோடு அந்தப் பட்டறையின் பேச்சையும் வேலையின் ஓசையையும் பதிந்தால், வாத்தியத்தின் கதையும் ஒரே இடத்தில் சேரும்.

*தாலாட்டும் ஒப்பாரியும்.* ஒற்றைக் குரல். 2 அடி தூரம் போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லுங்கள். தாலாட்டுக்கு முடிந்தால் வீட்டுக் குழந்தையே தூளியில் இருக்கட்டும். குழந்தை சிணுங்கும்போது பாட்டு எப்படி மாறுகிறது என்பதும் பாட்டின் பகுதிதான்.

5. பாட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை

பதிவைத் தொடங்கியதும் நாள், ஊர், பாடுகிறவர் பெயர், பாட்டின் வகை ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். தாள் தொலைந்தாலும் கோப்புக்குள் விவரம் நிற்கும். பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்தாமல் இவற்றைக் கேளுங்கள்:

- யாரிடம் கற்றீர்கள்? எந்த வயதில்?
- எந்த வேலையின்போது, எந்த நேரத்தில் பாடுவது? எப்போது பாடக் கூடாது?
- முன்பாட்டு யார், பின்பாட்டு யார்? இடையில் சேர்த்துப் பாடலாமா?
- பொருள் விளங்காத சொல் எது? உங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள்?
- கடைசியாக எப்போது, எங்கே பாடினீர்கள்?
- இப்போது வேறு யாருக்குத் தெரியும்?

கடைசிக் கேள்வியின் விடையே உங்கள் அடுத்த பயணத்தின் முகவரி.

சொற்களை எழுதும்போது பாடியபடியே எழுதுங்கள். “நாத்து” என்று பாடினால் “நாற்று” என்று திருத்தாதீர்கள். திருத்தினால் பாடிய ஒலி மறைந்துவிடும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் விட்டுப்போன அடிகள் நினைவுக்கு வரும்.

6. பரணில் கிடக்கும் கேசட்டுகள்

1980-களிலும் 90-களிலும் கோயில் விழாவையும் மேளத்தையும் கேசட்டில் பிடித்து வைத்த வீடுகள் டெல்டாவில் ஏராளம். இனிப் பாட முடியாதவரின் குரல் அங்கேதான் இருக்கிறது. புதிய பதிவுக்கு இணையாக இவற்றையும் தேடுங்கள்.

பதிவு அழியாமலிருக்க முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். உட்புறம் பூசணம் பூத்திருந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். 90, 120 நிமிட நாடாக்கள் மெல்லியவை, சிக்கினால் அறுந்துவிடும். அவற்றை வேகமாகச் சுற்றாமல் மெதுவாக ஓட்டுங்கள். ஓட்டும் கருவியின் தலைப்பகுதியை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட்ட பிறகு, ஒரு பக்கத்தை இடைநிறுத்தாமல் கணினியில் பதியுங்கள். இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்; மூலக்கோப்பைத் தொடாதீர்கள். கேசட்டின் மேல் எழுதியிருக்கும் பேனா எழுத்தைப் படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள்.

7. காப்பது

கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை எளியதாக இருக்கட்டும்: ஆண்டு-மாதம்-நாள்_ஊர்_வகை_எண். எடுத்துக்காட்டாக, 2026-02-28_ஊர்ப்பெயர்_லாவணி_03. அதே பெயரில் விவரத்தாள், ஒப்புதல் பதிவு, சொற்கள் மூன்றும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். விவரத்தாளில் பாடியவர் பெயரில்லாத கோப்பைச் சேமிப்பில் ஏற்றாதீர்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு மாவட்டத்தில். கடைசிப் பகுதியை இந்தப் பகுதிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிச் சில மணி நேரத்தில் எத்தனை வீட்டுக் கூரைகளைப் பிய்த்தது என்று அறிவோம். ஒரே ஊரில் இருக்கும் மூன்று பிரதியும் ஒரு பிரதிதான். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில், எல்லாக் கோப்பையும் திறந்து கேட்டுச் சரிபாருங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள்.

உங்கள் காலத்துக்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் ஒரு நிறுவனம் வேண்டும். தஞ்சாவூரில் 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1982-இல் தொடங்கி இப்போது தில்லிக்கு அருகே குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகம் ஆகியவற்றை அணுகிக் கேளுங்கள். ஈழத்தமிழர் ஆவணங்களுக்காக 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். பெரிய கட்டடம் இல்லாமலும் ஒழுங்கான விவரத்தோடு ஒரு சமூகத்தின் நினைவைக் காக்க முடியும் என்பதற்கு அது சான்று.

8. முதலில் ஊருக்கு, பிறகு உலகத்துக்கு

டச்சு அறிஞர் ஆர்னால்டு பேக் 1938-இல் தென்னிந்தியாவில் ஊர்க்கலைகளை ஒலிப்பதிவும் படப்பதிவும் செய்தார். 1984-இல் நாசிர் ஜெய்ராஜ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளுக்குத் திரும்பி வந்து, எது நிலைத்தது, எது மாறியது என்று பார்த்தார்கள். நடுவே 46 ஆண்டுகள். நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பதிந்த ஒரு மாதத்துக்குள் பதிவோடு அந்த ஊருக்குப் போங்கள். பென் டிரைவில் பாடியவர் வீட்டுக்கு ஒரு பிரதி, பள்ளிக்கு ஒன்று. மாலையில் கோயில் திடலில் ஒலிபெருக்கி வைத்து, அவர் சம்மதித்த பாட்டுகளை ஊரோடு உட்கார்ந்து கேளுங்கள். “இந்த அடி எங்க தெருவுல வேற மாதிரி” என்று யாராவது சொல்வார். அவரைப் பதிவதே அடுத்த வேலை.

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டையும் மூன்று வடிவில் ஆக்குங்கள்.

*முழு வடிவம்.* வெட்டாமல், காப்பகத்துக்கு.

*கேட்கும் வடிவம்.* 3 முதல் 5 நிமிடம். தொடக்கத்தில் யார், எந்த ஊர், எந்த வேலையின் பாட்டு என்று இரண்டு வாக்கியம். காணொளியானால் சொற்கள் திரையில் ஓட வேண்டும். வெளிநாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சென்னைக்காரருக்கும் இந்த எழுத்து பெரிய உதவி. பின்னணியில் கீபோர்டு சேர்க்காதீர்கள். பாட்டை வைத்துப் புதிதாக இசையமைக்க யாராவது வந்தால், பாடியவரிடம் நான்காம் படி ஒப்புதல் வாங்கிய பிறகே கொடுங்கள். 2021-இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயலை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது. பெயரும் பெருமையும் யாருக்கு உரியவை என்ற விவாதமும் அதே ஆண்டில் வெடித்தது. ஊர்ப்பாட்டுக்குப் புதிய காதுகள் உண்டு என்பதையும், பெயரை முதலிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும் என்பதையும் அந்த ஓர் ஆண்டிலிருந்து கற்கலாம்.

*கற்கும் வடிவம்.* இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பாடுகிறவர் ஓர் அடியை மெதுவாகப் பாட வேண்டும். அதை வாங்கிப் பாட இடைவெளி விட வேண்டும். பிறகு அடுத்த அடி. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் யூடியூபில் தேடி, எங்கோ பாடியதைப் பாடம் செய்கிறார்கள். அதே தெருவில் இருக்கும் அப்பாயியின் பாட்டு கற்கும் வடிவத்தில் ஆசிரியர் கையில் இருந்தால், அந்தப் பிள்ளை தன் ஊர்ப் பாட்டோடு மேடையேறும். முடிந்தால் பாடுகிறவரையே பள்ளிக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்துக் கற்றுத்தரச் செய்யுங்கள்.

9. இந்த மாதம் தொடங்க

- முதல் வாரம்: 10 கிலோமீட்டர்ப் பட்டியல். குறைந்தது 5 பெயர்.
- இரண்டாம் வாரம்: கருவி இல்லாமல் சந்திப்பு; ஒப்புதல், ஊதியம் பற்றிய பேச்சு.
- மூன்றாம் வாரம்: ஒருவரிடம் ஒரே ஒரு பாட்டு. வழக்கமான வேகத்தில் ஒருமுறை, கற்கும் வடிவில் ஒருமுறை, பிறகு ஆறு கேள்விகள்.
- நான்காம் வாரம்: சொற்களை எழுதிப் படித்துக் காட்டுதல், மூன்று பிரதிகள், ஊரில் ஒரு பொதுக் கேட்பு.

ஓராண்டு முடிவில் எத்தனை மணி நேரம் பதிந்தீர்கள், எத்தனை பேர் இணையத்தில் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கலாம். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு: உங்கள் பதிவைக் கேட்டு அந்த ஊரில் புதிதாகப் பாடக் கற்றவர் எத்தனை பேர்? ஒருவர் இருந்தாலும் உங்கள் உழைப்பு பலித்தது. ஒருவரும் இல்லையென்றால் புதிய பதிவுகளை நிறுத்திவைத்து, இருப்பவற்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.